பாதி இறங்கிய ஷட்டர்

ஆறு வருடமாகப் பேசாத மகனைப் பேச வைக்க ஆகும் செலவு, பேரமெல்லாம் முடிந்தபின், ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று தீர்ந்தது. எழில்மதி பன்னிரண்டாயிரத்தில் தொடங்கினாள். பாத்திரக் கடை மீரா சாகிப் மூவாயிரத்தில் தொடங்கினார். நடுவில் இரண்டு டீ வந்தன. காசு அவள்தான் கொடுத்தாள்.

எழில்மதி காரைக்கால் தருமபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவள். மகன் சமாச்சாரத்தை அவர் அவளிடம் சொல்லவில்லை. "யாவாரத்துக்கு ஒரு வெப்சைட் வேணும்மா" என்றுதான் சொன்னார். ஆனால் வாய் அடங்கவில்லை.

"இது சலாலாவுல தெரியுமா?"

"உலகம் பூரா தெரியும் பாய்."

"உலகம் கெடக்கட்டும். சலாலாவுல தெரியுமா?"

ஓமான் நாட்டுக் கோடியில் இருக்கும் சலாலாவில்தான் மகன் இக்பால் இருக்கிறான். காரைக்காலில் இருந்து துபாய்க்கும் பாரிசுக்கும் போனவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர். சலாலாவுக்குப் போனவன் அவன் ஒருவன். பாத்திரங்களுக்கு விலைச்சீட்டு ஒட்டுவோம், கடைக்கு வெப்சைட் போடுவோம் என்று அன்றைக்கே கேட்டவன். "நான் மவுத்தான பொறகு வந்து ஒட்டிக்க. அதுவரைக்கும் இந்தக் கடைப்படி ஏறாதே" என்று நாலு வாடிக்கையாளர் முன்னால் வாப்பா சொன்னார். பேரத்தில் முதல் விலை சொல்வது போலத்தான் சொன்னார். மகன் திருப்பி ஒரு விலை சொல்வான் என்று காத்திருந்தார். அவன் படி இறங்கிப் போய்விட்டான். போன் நம்பரையும் மாற்றிக்கொண்டான். நடுவில் நின்று பேசி முடித்திருக்கக்கூடிய அவன் உம்மா நபீசா, அதற்கு முன்பே காலமாகிக் கடையின் பெயர்ப்பலகைக்குள் போய்விட்டிருந்தாள்.

பத்து நாளில் நபீசா பாத்திரக் கடையின் வெப்சைட் தயாரானது. இட்லிப் பானை, தவலை, அண்டா, எல்லாவற்றுக்கும் நடுவில் கல்லாவில் உட்கார்ந்து சிரிக்கும் மீரா சாகிப், கீழே கடை நம்பர். விலை மட்டும் இல்லை.

"விலை போடலன்னா எப்புடி பாய் வாங்குவாங்க?"

"விலை போட்டுட்டா எப்புடிம்மா பேசுவாங்க?"

மூன்றாம் நாள் தெரு வழியே ஒரு ஜனாஸா போனது. போகிற உடல் எந்தச் சாதி சனத்துடையதானாலும் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எழுந்து நிற்பது அந்தக் கடைத்தெரு வழக்கம். மீரா சாகிப்பும் இறக்கினார். இறக்கிவிட்டுக் கையிலிருந்த போனில் வெப்சைட்டைப் பார்த்தவர், உடனே எழில்மதியைக் கூப்பிட்டார்.

"எழிலு, மய்யித்து போவுது, வெப்சைட்டு மட்டும் பப்பரப்பான்னு தெறந்து கெடக்கு. பாக்குறவன் என்ன நெனப்பான்?"

"பாய், அந்த வழியா மய்யித்து போகலியே!"

"சலாலாவுல இருக்குறவனுக்கு அதானம்மா தெரு."

எழில்மதி அவர் போனில் ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தாள். அழுத்தினால் சாம்பல் நிற ஷட்டர் ஒன்று வெப்சைட்டில் பாதிவரை இறங்கி நிற்கும். அதன் கீழே கல்லாவும் மீரா சாகிப்பும் தெரியும்.

அடுத்த வாரமே ஷட்டர் இறங்கியது. போனும் அடித்தது. ஜெத்தாவிலிருந்து, "மாமா, யாரு மவுத்து?" சிங்கப்பூரிலிருந்து, "பாய், யாரு தவறிட்டாங்க?" மாலைக்குள் நாற்பது பேர் கேட்டுவிட்டார்கள். அண்டா என்ன விலை என்று ஒருவரும் கேட்கவில்லை.

"ஷட்டர்லயே பேரப் போட்டுருவோம் பாய். கேக்க மாட்டாங்க" என்றாள் எழில்மதி.

பேர் போட்டார்கள். போன் நின்றது, கூட்டம் வந்தது. ஷட்டர் இறங்கினால் தகவல் வேண்டும் என்பவர்களுக்காக ஓரத்தில் ஒரு மணி வைத்தாள். முந்நூறு பேர் அதை அழுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். போலகத்திலிருந்து ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார்.

"எங்க பெரியப்பாரு தவறிட்டாருங்க. ஒங்க ஷட்டர்ல போடணும்."

"போலகத்துச் சாவு இந்தத் தெரு வழியா வராதே தம்பி."

"ஒங்க ஷட்டர்ல வந்தாத்தான் சிங்கப்பூரு மச்சானுக்கு மொதலாளி லீவு குடுப்பானாம்."

இன்னொரு வீட்டார் சண்டைக்கே வந்தார்கள். பக்கத்து வீட்டு மவுத்துக்கு ஷட்டர் ஒரு மணி நேரம் இறங்கியிருந்ததாம். தங்கள் மாமியாருக்கு அரை மணிதானாம். மாமியாருக்கு இன்னொரு அரை மணி போட்டுக் கொடுத்து அனுப்பினார் மீரா சாகிப்.

கல்யாணச் சீர் வாங்க வருகிறவர்கள் மெல்ல எதிர்க்கடைக்கு நகர்ந்தார்கள். பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் கருப்பையன் வாய்விட்டே சொன்னார். "பாய், இனிமே ஒங்ககிட்ட கொடம் வாங்குனா அது கொள்ளிக்கொடம்தான்."

"ஒனக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன் கருப்பையா. இப்பவே வெல பேசிக்குவோமா?"

கருப்பையன் சிரித்தார். மீரா சாகிப் சிரிக்கவில்லை. யாவாரம் போனது கூட அவருக்குப் பெரிதில்லை. பேர் போட்டபின் ஷட்டர் இருபத்தொரு தடவை இறங்கி ஏறிவிட்டது. வர வேண்டிய ஒரு போன் மட்டும் வரவில்லை.

"பேரு வேணாம்மா. கடை சாவுப் பலகையா ஆயிடிச்சு. இனிமே ஷட்டர் மட்டும் எறங்கட்டும், அது போதும்" என்றார்.

எழில்மதி பேரை எடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை தெருக்கோடி டெய்லர் காலமானார். பன்னிரண்டு மணிக்கு உடல் போனது. ஷட்டர் இறங்கியது. வெப்சைட்டில் பாதி ஷட்டர். பேர் எதுவும் இல்லை. அதன் கீழே சிரித்த முகமாக மீரா சாகிப் ஒருவர் மட்டும். முந்நூறு பேருக்கு மணி அடித்தது.

முதல் போன் ஜெத்தாவிலிருந்து.

"ஹலோ, மீரா சாகிப் மாமா கடைங்களா?"

"நான்தான் பேசுறேன்."

"யாரு, இக்பாலா? யா அல்லாஹ், வாப்பா கொரலு அப்புடியே இருக்குப்பா ஒனக்கு!" என்று அந்த ஆள் அழ ஆரம்பித்துவிட்டார்.

மறுத்துச் சொல்ல மீரா சாகிப்புக்கு மனம் வரவில்லை. "ம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

போலகத்துக்காரர் ரோஜா மாலையோடு வந்து இறங்கினார். கல்லாவில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் ஓர் இட்லிப் பானையைக் கையிலெடுத்து, சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார். அந்தக் கடையில் பேரமில்லாமல் விற்ற முதல் பாத்திரம் அதுதான்.

எழில்மதி ஸ்கூட்டியில் பறந்து வந்தாள்.

"பாய், மன்னிச்சிருங்க. ஒரே நிமிசம், தப்புன்னு போட்டுர்றேன்."

"இருக்கட்டும்."

"என்ன பாய் இருக்கட்டும்? ஊரே அழுவுது!"

"அழுவட்டும்மா. இன்னும் ஒரு ஆளு போன் பண்ணல."

அவள் விழித்தாள். கடை வாசலில் நின்ற கருப்பையன்தான் தாழ்ந்த குரலில் விவரம் சொன்னார். "சலாலாவுல மகன் இருக்கான்மா. ஆறு வருசமா பேச்சு இல்ல. அவனுக்காகத்தான் இந்த வெப்சைட்டே. பாவம், கொஞ்ச நேரம் செத்துருக்கட்டும் வுடு."

மீரா சாகிப் செத்தபடியே காத்திருந்தார். ஒவ்வொரு போனையும் முதல் மணியிலேயே எடுத்தார். நாக்பூரில் வேலை பார்க்கும் மருமகன் முறைக்காரர் ஒருவர் அழுதார். என்றோ ஒரு தூக்குவாளி வாங்கிய பாண்டிச்சேரி அம்மாள் அழுதாள். சாப்பிடச் சொல்லிக் கருப்பையன் வாங்கி வந்த பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது தொண்ணூற்றொரு போன் வந்திருந்தது. சலாலாவிலிருந்து ஒன்றுமில்லை.

"சரிம்மா. உசுரோட இருக்கேன்னு போட்டுரு" என்றார். வாங்கியவன் திருப்பிக் கொண்டுவந்த சரக்கை எடுத்துக்கொள்கிற குரல்.

நாலு பத்துக்கு ஷட்டர் ஏறியது. 'மீரா சாகிப் நலமாக இருக்கிறார்' என்று அவர் படத்தின் கீழே பெரிய எழுத்தில் போட்டாள் எழில்மதி.

மறுநாள் காலை அவளைக் கடைக்கு வரச் சொன்னார்.

"வெப்சைட்ட மூடிரும்மா. மவுத்துக்கே வராதவன் அண்டாவுக்கா வரப் போறான்?"

எழில்மதி லேப்டாப்பைத் திறந்தாள். மூடுவதற்கு முன், யார் யார் எந்த ஊரிலிருந்து வந்து பார்த்தார்கள் என்ற பட்டியலை எடுத்தாள். அப்படி ஒரு பட்டியல் இருப்பது அவருக்குத் தெரியாது. அதில் சலாலாவைத் தேட வேண்டும் என்பது நேற்று வரை அவளுக்குத் தெரியாது.

"பாய், சலாலாவுல ஒரே ஒரு போன்லேருந்து பாத்திருக்காங்க."

மீரா சாகிப் கல்லாவை மூடினார்.

"நேத்துக்கு முந்தி பேரோட இருபத்தொரு தடவ ஷட்டர் எறங்கியிருக்கு. இருபத்தொரு தடவையும் மொத ஆளா வந்திருக்காங்க. பத்து செகண்டு. பேரப் பாக்குறாங்க, போயிடுறாங்க."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கருப்பையன் கேட்டிருந்தால் கடையைச் சாத்திவிட்டு வந்திருப்பார்.

"மவுத்தான பொறகு வான்னு நான்தானே சொன்னேன். சொன்ன சொல்லக் காப்பாத்துறான். என் பேரு எப்ப வரும்னு வந்து வந்து பாத்துட்டுப் போறான். மூடும்மா."

எழில்மதி மூடவில்லை. திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"நேத்து நாலு பத்துக்கு நீங்க நல்லாருக்கீங்கன்னு போட்டோம்ல பாய்? அந்தப் பக்கத்த அதே போன்லேருந்து இப்ப வரைக்கும் நூத்துப் பதினாறு தடவ தெறந்து பாத்திருக்காங்க... இதோ, நூத்துப் பதினேழு."