மூன்று கொடி வாய்ப்பாடு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சபதம் எடுத்தேன். மதியத்துக்குள் என் மனைவிக்கு லூப்புக்குள் லூப்பைப் புரியவைத்தே தீருவது. லூப் என்றால், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் புரோகிராம் கட்டளை.

பதினோரு வருஷமாகப் புரோகிராம் எழுதித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. இவளோ மூன்று மாதமாக அடுத்த தெருக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வருகிறாள். இதுவரை என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. அது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அன்று அவளாகவே நோட்டோடு வந்து நின்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஒன்றிலிருந்து பத்து வரை வாய்ப்பாடு திரையில் வர வேண்டுமாம். எந்த வாய்ப்பாடு என்பதை வெளி லூப் பார்த்துக்கொள்ளும், அதைப் பத்து வரை பெருக்குவது உள் லூப்பின் வேலை என்றேன். தாளில் கட்டம் போட்டேன். அம்புக்குறி போட்டேன்.

"லூப் சுத்துறதுக்கு முன்னாடி எனக்குத் தலை சுத்துதுங்க. கையால செஞ்சு காட்டினாப் புரியும்," என்றாள்.

எதை வைத்துக் காட்டுவது? ஒரு வாரத் துணி, துவைத்துப் பிழிந்து மூன்று வாளி நிறைய இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நானாகத்தான் பார்த்தேன்.

மூன்று நடையாக மொட்டைமாடிக்குத் தூக்கிப்போனேன். அங்கே மூன்று கொடிகள். கொடிதான் வெளி லூப், துணி உள் லூப் என்றேன். பத்துத் துணியை உதறிப் போட்டு, கிளிப் மாட்டி, ஒன்றாம் வாய்ப்பாட்டை முடித்தேன்.

"அடுத்த கொடியில பதினொண்ணுலேர்ந்து எண்ணணுமா?"

நல்ல கேள்வி என்று பாராட்டினேன். வெளி லூப் ஓர் அடி நகர்ந்ததும் உள் லூப் மறுபடி ஒன்றிலிருந்துதான் தொடங்கும் என்று சொல்லி, போர்வைகளோடு இன்னும் பத்து. அப்போதும் கொஞ்சம் மங்கலாக இருப்பதாகச் சொன்னாள். மூன்றாவது கொடியும் நிறைந்தது. நான் சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள். இடுப்பு கழன்றாலும், அந்தப் பேனா ஓடுவதைப் பார்க்க நிறைவாக இருந்தது.

கீழே வந்ததும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஐந்து வரி தட்டினாள். பத்து வாய்ப்பாடும் வரிசை பிசகாமல் வந்து நின்றன. படிக்கிற காலத்தில் இதற்கு எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

இனி எந்தப் பரீட்சை வைத்தாலும் நீ பாஸ் என்றேன்.

"பரீட்சை போன மாசமே முடிஞ்சிடுச்சுங்க. நாளையிலேர்ந்து அங்க நான்தான் டீச்சர். முதல் பாடமே இதுதான். புதுசா வர்றவங்களுக்குப் புரியற மாதிரி உதாரணம் கிடைக்காம ரெண்டு நாளா தூக்கம் இல்ல. வேலை நிஜமாக் கிடைக்கட்டும்னுதான் உங்ககிட்டகூடச் சொல்லலை."

கோபப்படத்தான் நினைத்தேன். வரவில்லை. அவள் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். இன்னொரு உதாரணம் வேண்டுமானாலும் கேள் என்று வாயை விட்டுவிட்டேன்.

அவள் சமையலறைப் பக்கம் கை காட்டினாள்.

"சிங்க்ல மூணு அடுக்குப் பாத்திரம் கிடக்கு. அடுக்கு வெளி லூப்புங்க."