மலையை இடமாகச் சுற்றிய மாடு

திருவண்ணாமலையில் மலையை இடப்பக்கமாகச் சுற்றியதற்காக வேலையை இழந்த ஒரே மனிதர் கொய்ங் சார்தான். சுற்றியதுகூட அவர் இல்லை, அவர் செய்த மாடு.

வேங்கிக்காலில் நான் கணக்கு வாத்தியாராக இருக்கும் தனியார் பள்ளிக்கூடத்தில், வாசல் போர்டில் 'கோடிங்' என்று பெரிதாக எழுதிவிட்டு, பிறகுதான் அதைச் சொல்லித்தர ஆள் தேடினார்கள். அப்படி வந்த கொய்ங் சார் கண்ணில் பட்டதற்கெல்லாம் பஸ்ஸர் வைத்தார். அவருடைய டிபன் பாக்ஸைத் திறந்தால் கொய்ங். ஹெச்.எம். மேடம் நாற்காலியில் உட்கார்ந்தால் கொய்ங். என் மேஜை டிராயருக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே வயர் கொடுத்தார்கள். இரண்டு கம்பி தொட்டால் சத்தம் வரும், அதுதான் அன்றைய பாடமாம். முதல் தடவை திறந்தபோது எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அவருடைய உச்சம் அந்த மாடுதான். நடுவில் தெர்மாகோல் மலை, பக்கத்தில், மலைக்கு முதுகைக் காட்டியபடி மோட்டார் வைத்த மர மாடு. நேர், வலது, இடது என்று அட்டைகளைப் பிள்ளைகள் வரிசையாகச் செருகினால் மாடு அப்படியே நடக்கும். மலையைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். வழி தவறினால் கொய்ங். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அட்டையை மாற்றி மறுபடி விடுவார்கள்.

ஆண்டு விழாவில் பெற்றோர் முன்னால் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பதற்றத்தில் வலதுக்குப் பதில் எல்லாம் இடது அட்டையாகச் செருகிவிட்டாள். மாடு மலையை அப்பிரதட்சணமாக, கம்பீரமாகச் சுற்றிவந்து புறப்பட்ட இடத்தில் நின்றது. கொய்ங் இல்லை. கொய்ங் சார் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

மறுநாள் தாளாளர் கொய்ங் சாரையும் என்னையும் கூப்பிட்டார். இடது அட்டையை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொய்ங் சார் வேலையை விட வேண்டும்.

"இது கிரிவலம் சார். கிரி இடம் இல்ல" என்றார் தாளாளர்.

"தப்பாப் போகவே முடியாதுன்னா புள்ளைங்க எதைங்க கத்துக்கும்?" என்றார் கொய்ங் சார்.

தாளாளர் என்னைப் பார்த்தார். அந்த அட்டைகளைக் கொய்ங் சாரோடு உட்கார்ந்து வெட்டியவன் நான். அவர் சொல்வதுதான் சரி என்று எனக்குத் தெரியும். என் வேலையும் எனக்கு வேண்டும்.

"எடுத்துடலாம் சார். பாடத்துல ஒண்ணும் கம்மி ஆவாது" என்றேன்.

கொய்ங் சார் என்னைத் திட்டவில்லை. இடது அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டு என் டிராயரில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது லேபில் பிளாஸ்டிக் மாடு. ஒரே பட்டன், அமுக்கினால் வலமாகச் சுற்றும். பிள்ளைகள் ஒரு தடவை அமுக்கிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விடுகிறார்கள். போர்டில் 'ரோபோ' என்றும் சேர்த்து எழுதியாயிற்று. வெட்கம்கெட்ட கூட்டம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் டிராயரைத் திறந்தால் இன்னும் கொய்ங் என்கிறது. தீரத் தீர பேட்டரி மாற்றுவது நான்தான்.