சவர்க்காரத்துக்கு அடங்காத கிருமி

என் வாழ்க்கையில் நான் போட்ட ஒரே வேடம் கிருமி. ராஜா வேடம் கேட்டு யாரும் என் வீட்டு வாசலுக்கு வந்ததில்லை. கிருமி என்றதும் என் முகம்தான் தர்ஷி டீச்சருக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

ஆரையம்பதியில் நான் ஓட்டோ ஓடுகிறவன். (ஓ.எல். இரண்டு தரம் எழுதினேன். இரண்டு தரமும் பரீட்சைக்கு என்னைப் பிடிக்கவில்லை.) காலையில் முன்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது என் வேலை. டீச்சரைச் சீண்டுவது சம்பளமில்லாத வேலை. அவ கதிரவெளிக்காரி, இங்கே மாமி வீட்டில் தங்கி, தற்காலிகமாகப் படிப்பித்துக்கொண்டிருந்தா.

ஒருநாள் முன்பள்ளி வாசலில் என்னை மறித்தா.

"சுதன், வெள்ளிக்கிழமை மேடம் ஒராள் பாடம் பார்க்க வாறா. கை கழுவுற பாடம். வடிவாச் செஞ்சாத்தான் எனக்கு இஞ்ச நிரந்தரம். இல்லாட்டி ஊருக்குப் போகவேண்டியதுதான். நீங்க கிருமியா வாறீங்களா?"

"நான் சும்மா வந்தாலே போதுமே டீச்சர்."

"பகிடி விடாதீங்க. குங்குமம் ஒரு பக்கெட் வாங்கி எண்ணெயில குழைச்சிட்டு வாங்க. பிள்ளையள்ட கையில பூசுங்க. வெறும் தண்ணியில போகாது, சவுக்காரம் போட்டாப் போயிரும். அதுதான் பாடம்."

அவ இங்கேயே இருக்க வேண்டும் என்று அவவைவிட நான்தான் அதிகம் நேர்ந்திருப்பேன். அதனால் மூன்று நாள் வேடத்திலேயே குறியாக இருந்தேன். கறுப்புப் பொலித்தீன் பையில் உடம்பு, பழைய வலைக் கயிற்றில் கொம்பு. வெள்ளிக்கிழமை விடிந்த பிறகுதான் குங்குமம் ஞாபகம் வந்தது. கடை திறக்கவில்லை. அடுப்படித் தட்டில் அம்மாவின் தகரப்பேணி இருந்தது. உள்ளே செக்கச்செவேலென்று பொடி. குங்குமத்தைவிட நல்ல நிறம்! அள்ளி எண்ணெயில் குழைத்தேன்.

(என் அம்மா பன் என்கிற கோரைப்புல்லில் பாய் இழைக்கிறவ. அந்தப் பேணியில் இருந்தது பன்னுக்குப் போடுகிற சாயம். எனக்கும் அது தெரியும். சிவப்பு என்றால் எல்லாம் சிவப்புத்தானே என்று நினைத்த அறிவாளி நான்.)

பாடம் ஆரம்பத்தில் அமோகம். நான் உறுமிக்கொண்டு குதித்தேன். இருபத்திரண்டு பிள்ளைகளும் கத்தின. ஒவ்வொரு கையாகப் பிடித்துப் பூசினேன். மேடம் சிரித்துக்கொண்டே எழுதினா. தண்ணீரில் கழுவினார்கள், போகவில்லை. டீச்சர் கம்பீரமாகச் சவர்க்காரத்தைத் தூக்கிக் காட்டினா.

"இப்ப பாருங்க பிள்ளையள், கிருமி ஓடப்போகுது!"

நுரை சிவந்தது. வாளி சிவந்தது. வெள்ளைச் சட்டைகள் சிவந்தன. கைகள் மட்டும் முன்னிலும் பளபளவென்று சிவந்தன. டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகத் தேய்த்தா. அவவுடைய கையும் முழங்கை வரைக்கும் சிவந்தது.

"டீச்சர், கிருமி சாகல்ல!" என்றான் நாலு வயதுக் கபிலன்.

"உள்ளுக்குப் போகுது!" என்று ஒரு பிள்ளை அழ, இருபத்தொன்றும் அழுதன. கபிலன் மட்டும் அழவில்லை. கோப்பையில் தண்ணீர் மொண்டு என் முகத்தில் ஊற்றி, கொம்பைப் பிடித்துக்கொண்டு சவர்க்காரத்தால் என் வாயைத் தேய்த்தான்.

மேடம் எழுந்து வந்தா. "தம்பி, இது என்ன பொடி?"

"பாய்க்குப் போடுற சாயம் மேடம்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "நல்ல சாயம். எங்கட வீட்டுப் பாய் ஆறு வருசமா மங்கல்ல."

டீச்சர் என்னைப் பார்த்தா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவ அடுத்த பிள்ளையின் கையைப் பிடித்துத் தேய்க்கத் தொடங்கினா.

அடுத்த கிழமை ஊரில் இருபத்திரண்டு வீட்டில் மருதாணிக் கைகள். பெரிய ஆட்களில் இரண்டே பேருக்கு: அவவுக்கும் எனக்கும். "யாருக்குடா கலியாணம்?" என்று சந்தியில் கேட்டார்கள். அவ எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்ததாகக் கேள்வி. நான் அந்தக் கிழமை சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன்.

பள்ளித் தவணை முடிந்தும் அவவுக்கு நிரந்தரம் கிடைக்கவில்லை. கதிரவெளி பஸ்ஸுக்கு என் ஓட்டோவில்தான் போனா. இறங்கும்போது, "கையைக் காட்டுங்க பாப்பம்" என்றா. நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "பையைப் பத்திரமா வைங்க டீச்சர்" என்றுதான் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமையே அம்மா தன் பேணியில் ஒட்டிய கடதாசி இன்னும் இருக்கிறது: 'இது குங்குமம் இல்ல மனே.' வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணிக்கு முதல் அந்தப் பேணிதான் வரும்.

போன மாதம் கதிரவெளிக் குடும்பம் ஒன்றை அவர்களுடைய ஊருக்கு ஏற்றிப் போனேன். வழியில் கடையில் நிறுத்தி அவர்களுடைய சின்ன மகளிடம் வடையை நீட்டினேன். வாங்கவில்லை.

"கை கழுவணும். ஆரையம்பதியில ஒரு கிருமி இருக்காம். சவுக்காரம் போட்டாலும் சாகாதாம். எங்கட டீச்சர் சொன்னவ."

"சொல்லக்குள்ள டீச்சர் கோவமா இருந்தவவா மகள்?"

"இல்ல. சிரிச்சவ."

போத்தல் தண்ணீரை எடுத்து அந்தச் சின்னக் கைகளுக்கு ஊற்றினேன். பிறகு, யாரும் கேட்காமலே, என் கையையும் கழுவினேன்.