நான் வெளுத்த வெள்ளைச் சேட்டு

திருகோணமலை,
ஞாயிறு காலை.

என்றும் மதிப்புக்குரிய பெரியக்காவுக்கு,

தம்பி சோமசேகரம் எழுதுவது. நானும் மனைவி ஜெயரூபியும் கோணேசர் புண்ணியத்தில் சுகம். மட்டக்களப்பில் அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மகன் மதுசனும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நேற்று நீங்கள் ஃபோனில், "ஏன்டா தம்பி, பிள்ளை உன்னோட கதைக்கிறான் இல்லையாம்?" என்று கேட்டீர்கள். வாயால் சொல்ல வெட்கம், அதனால்தான் கடிதம்.

போன வெள்ளிக்கு முதல் வெள்ளி அவனுக்கு உயர்தர வகுப்பின் கடைசி நாள். பின்னேரம் வந்து சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டான். பார்த்தால் சேட்டு முழுக்கப் பேனைக் கிறுக்கல், முதுகில் பச்சை, கையில் சிவப்பு. துறைமுகக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் வெள்ளைச் சேட்டில் ஒரு மைப்பொட்டு விழாமல் வேலை செய்தவன் அல்லவா நான்! மூக்குக்கண்ணாடியைக்கூடப் போடாமல், விடிந்ததும் விடியாததுமாய்க் கிணற்றடிக்குக் கொண்டுபோய், குளோறினில் ஊறவைத்து, தேசிக்காய் தேய்த்து, கல்லில் அடித்து, நீலம் போட்டு, காயவைத்து, இஸ்திரிப்பெட்டியால் மினுக்கியும் வைத்தேன். கோயிலால் வந்த ஜெயரூபி தலையில் கைவைத்தாள். "உங்களுக்கு விசரே? கடைசி நாளில பிள்ளையள் சேட்டில எழுதி வாங்கிறது வழக்கமெல்லே? அதைச் சாகும்வரைக்கும் வச்சிருப்பினம்!" எங்கள் காலத்தில் கொப்பியில்தான் எழுதினோம், எனக்கு எப்படித் தெரியும்? மதுசன் சேட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அறைக்கதவைச் சாத்தினான். எட்டு நாளாக ஒரு சொல் இல்லை. பரீட்சைக்கு மூன்று கிழமை. எனக்குச் சோறு இறங்குதில்லை அக்கா.

ஆகவே அவனுக்குத் தெரியாமல் வகுப்புப் பிள்ளைகளின் வீடு வீடாகப் போய்த் திரும்ப எழுதி வாங்கப் புறப்பட்டேன். துணியை மேசையில் விரித்தால் சுருங்குகிறது என்று, அறுபத்திரண்டு வயதில், பொத்தான் பூட்டாத பள்ளிச் சேட்டை நானே மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டினேன். சல்லிக் கிராமத்தில் தனஞ்சயன் என்ற பெடியன் நெளிந்தான். "அங்கிள், நான் முதல் எழுதினதை உங்களுக்கு முன்னால எழுத ஏலாது." "பரவாயில்லை, அப்படியே எழுதும் தம்பி," என்றேன். 'கப்பல் ஹோர்னின் மகனே, நீடூழி வாழ்க' என்று எழுதினான். ரியூசன் வாசலில் நின்று நான் மகனைக் கூப்பிடும் சத்தத்துக்கு வகுப்பே வைத்த பெயராம். கப்பல்துறையிலிருந்து திரும்பும்போது பஸ் கொண்டக்டர் என் முதுகை உரத்து வாசித்தார். கிண்ணியாவில் மதுசனின் உயிர்க்கூட்டாளி றிப்தி வீட்டில் இல்லை. தாய் நஜ்முன் நிஸா தேத்தண்ணி தந்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடிவிட்டா.

எப்படியோ இருபது பேர் எழுதிவிட்டார்கள். இன்றைக்குச் சேட்டை அவன் மேசையில் வைக்கப்போகிறேன். நீங்களும் அவனுக்கு ஒரு ஃபோன் எடுத்து, "அப்பா பாவமடா" என்று சொல்லுங்கள். உங்கள் சொல்லைத் தட்டமாட்டான்.

அத்தானுக்கு வணக்கம், மருமக்களுக்கு என் ஆசி.

புத்தி வராத உங்கள் தம்பி,
சோமசேகரம்.

பி.கு.: உறையை ஒட்டுமுன், மேசையில் சேட்டைக் கண்ட மதுசன் வாய் திறந்துவிட்டான். "அப்பா, இது என்ட சேட்டு இல்லை, றிப்தியிட. கடைசி நாளில உயிர்க்கூட்டாளியோட சேட்டு மாத்திறது எங்கட வகுப்பு வழக்கம். என்டது அவன்ட அலுமாரியில பத்திரமா கிடக்கு. அவனுக்கு என்ன சொல்லுறதெண்டுதான் எட்டு நாளா யோசிச்சனான்." இப்போது றிப்தியின் சேட்டில் இருபது பேர் என் மகனை வாழ்த்தியிருக்கிறார்கள். திரும்ப வெளுக்கவும் வழியில்லை, இந்த முறை ஏழு தலைமுறைக்கும் அழியாத பேனை கேட்டு வாங்கியிருந்தேன். நீங்கள் ஃபோன் எடுக்கவேண்டாம் அக்கா, லைன் கிடைக்காது. வகுப்பில் ஒருத்தர் மிச்சமில்லாமல் எல்லாருக்கும் ஃபோன் எடுத்து, விழுந்து விழுந்து சிரித்தபடி, அவன் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.