கொய்யா அண்ணே காப்பாற்றிய முன்பல்

பினாங்குத் தீவில் உள்ள அத்தனை பேருடைய ஈறுகளுக்கும் தாமே பொறுப்பு என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் கொய்யா அண்ணேதான். சுங்கை பினாங் அடுக்குமாடியில், எங்கள் பதினான்காம் மாடியிலேயே குடியிருந்தார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

லிஃப்டில் அவரோடு மாட்டிக்கொண்டால் தொலைந்தோம். கதவு மூடியதும் கைப்பேசி விளக்கை அடிப்பார். "வாயத் தொற தம்பி." தரைக்கு வருவதற்குள் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டையும் பார்த்து முடித்துவிடுவார். அவருக்குப் பயந்து ஒரு சீன அம்மா ஒன்பது மாடி படியேறிப் போனதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

எல்லாருக்கும் ஒரே மருந்துதான்: கிராம்பு தட்டிப்போட்ட கொய்யா இலைக் கஷாயம். இலையிலுள்ள டானின் ஈறை இறுக்குமாம், கிராம்பிலுள்ள யூஜெனால் வலியை அடக்குமாம். சொந்த அக்கா பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுபோல் அத்தனை பூரிப்பு. கார் நிறுத்துமிடத்துக் கொய்யா மரம் அவர் புண்ணியத்தில் மொட்டையாகவே நின்றது. பல் டாக்டர் என்று யாராவது வாயெடுத்தால், "அங்கெல்லாம் எதுக்குலா? இலை இருக்கு," என்பார்.

எனக்குப் பல் துலக்கினால் ரத்தம் வந்தது. அவரை நம்பி இரண்டு மாதம் கொப்பளித்தேன். ரத்தம் என்னவோ குறைந்தமாதிரிதான் இருந்தது; ஆனால் முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. ஹோட்டல் வரவேற்பு மேசையில் சிரிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அண்ணேயிடமே ஓடினேன்.

விளக்கடித்துப் பார்த்த அண்ணேயின் முகம் மாறியது. என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, நேரே ஒரு பல் கிளினிக்கில் கொண்டுபோய் இறக்கினார். உள்ளே நுழைந்ததும் அங்கிருந்த தாதி சிரித்தாள்.

"என்ன அங்கிள், உங்க கிளீனிங் அடுத்த மாசம்தானே?"

அண்ணே கூரையை வெகுநேரம் ஆராய்ந்தார். பிறகு என் காதருகே குனிந்தார். "இலை ஈறுக்கு நல்லதுதான் தம்பி. ஆனா பல்லுல புடிச்ச கல்ல டாக்டர் எடுத்தாதான் போகும். பிளாட்ல சொல்லிடாதலா."

இத்தனை வருடம் கட்டிக்காத்த மானத்தை என் ஒரு பல்லுக்காக விட்டுக்கொடுத்தாரே, அன்று அவர்மேல் வந்த பிரியம் இன்னும் குறையவில்லை. அவர் வாரப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.

பல் தங்கிவிடும் என்றார் டாக்டர். மரத்துப்போன உதட்டோடு வெளியே வந்தேன். கஷாயப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு அண்ணே அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் கைப்பேசி விளக்கை எடுப்பதற்குள் நானே அவர் முன்னால் போய் நின்று வாயைத் திறந்தேன்.