பீரங்கியார் வைத்த கண் பரீட்சை

பனியனில் விழுந்த ஓட்டையை எதிரியின் டாங்கியாகக் கருதியவர் உலகத்திலேயே ஒருவர்தான். முதலிபாளையத்தில், கல்லூரி விடுமுறையில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், செக்கிங் பிரிவின் சூப்பர்வைசர் அவர். ராணுவத்தில் டாங்கியின் பீரங்கிக்குக் குறிபார்த்தவர் என்பதால் எங்களுக்குப் பீரங்கியார்.

குறை கண்டால் நாங்கள் விரல் நீட்டக் கூடாது; அது இருக்கும் திசையைக் கடிகார முள்ளை வைத்து அறிவிக்க வேண்டும். “மூணு மணியில ஓட்டைங்க!” “ஒம்போது மணியில எண்ணெய்க் கறைங்க!” ஒருநாள் சரக்குப் பார்க்க வந்த ஏஜெண்டு, குழம்பிப்போய்த் தம் கைக்கடிகாரத்தைத் திருகிச் சரிசெய்துகொண்டார்.

மேசை விளக்கோடு பொருத்திய லென்ஸ் வழியாகத் துணியைப் பார்க்கும்போது ஒற்றைக் கண்ணை மூடினால் அதட்டல் விழும்: “ரெண்டையும் தொறந்து வை கண்ணு. ஒண்ண மூடுனா மத்தது சீக்கிரம் சோந்துரும்.” இஞ்ச் டேப்புடன் வந்து எல்லோரும் உட்கார்ந்திருக்கும் உயரத்தை அளப்பார், முதலாளியையும் விட்டதில்லை.

ஒரு வாரம், எங்களோடு செக்கிங் பார்த்த சரசக்காவின் மேசையைத் தாண்டி ஓட்டைப் பனியன்கள் தொடர்ந்து தப்பிப் போயின. மேனேஜர் தீர்த்துச் சொன்னார்: “இந்தம்மாவுக்குக் கண்ணு போச்சுங்க. நாளையிலிருந்து வேண்டாமுங்க.”

சரசக்கா கையிலிருந்த பனியனை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது. அவங்களுக்குப் புதுசா மாட்டுன லென்ஸு விளக்குத்தான் ஒசரம்,” என்றார் பீரங்கியார். “எங்க டாங்கியில குறிபாக்கற கண்ணாடிய ஆறடி ஆளுக்கு வெச்சிருந்தாங்க. நான் அஞ்சடி. எக்கி எக்கிப் பாத்துச் சுட்டா, குண்டு மணல்மேட்டுக்குப் போச்சுங்க. குறி தெரியாதவன்னு எழுதிட்டாங்க. சீட்டுல ஒரு கம்பளிய மடிச்சுப் போட்டனுங்க. அடுத்த குண்டு இலக்கு மேலயே!”

“அது டாங்கிங்க. இது பனியனுங்க.”

“பாக்கறது ரெண்டுலயும் மனுசந்தானுங்களே?”

சொல்லிக்கொண்டே மேனேஜரின் நாற்காலி மெத்தையை உருவிச் சரசக்காவின் ஸ்டூலில் போட்டார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு கிடங்குக்குப் போய் ஐம்பது பனியன்களை எடுத்து வந்து வைத்தார். “இதுல அஞ்சு ஓட்டைங்க, நானே பாத்து வெச்சது. அம்மிணி அஞ்சையும் புடிச்சா வேலையில இருக்கட்டும். சரிங்களா?”

“சரிங்க,” என்றார் மெத்தையிழந்த மேனேஜர்.

சரசக்கா ஆறு எடுத்தார்.

மேனேஜர் ஆறாவதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “பீரங்கியாரே, உங்க கண்ணுக்கே தப்பிருச்சுங்களே!”

“வயசாயிருச்சுங்க,” என்று அவர் தலையைச் சொறிந்தார். சரசக்கா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அந்த ஐம்பதையும் எண்ணி அடுக்கியவள் நான். கிடங்கில் பீரங்கியார் கத்தரி முனையால் ஆறாவது ஓட்டையைப் போட்டபோது பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை பேசிக்கொண்டதில்லை.