அரிசி வரிசை

உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே முத்தலைப்பட்டினம் என்றோர் ஊர் இருந்தது. அதை ஆண்டவர்கள் அக்கரையில் இருந்தார்கள். அங்கே போர் மூண்டதும் இங்கே விளைந்த நெல் அரசுக் கிடங்குக்குப் போனது. மணல்மூட்டை கட்டவென்று சாக்குகளும் போயின. பஞ்சம் என்ற சொல் தடை செய்யப்பட்டது. அப்படியும் பஞ்சம் தீராததால், பத்திரிகைகளில் ஒல்லியானவர்களை வரைவதும் தடை செய்யப்பட்டது.

‘பட்டின தீபம்’ பத்திரிகையின் ஓவியர் மாசிலாமணி திண்டாடிப் போனார். வேறு மாதிரி ஆட்கள் ஊரில் இல்லை.

அவர் மனைவி செங்கமலம் அன்றும் வெறும் தாம்பாளத்தோடு திரும்பினாள். “கிடங்குல மூட்டை மூட்டையா அடுக்கிக் கெடக்கு. தொறக்க ஆணை வரலையாம். புள்ளைங்க கஞ்சித்தண்ணி குடிக்கட்டும், நீங்க துரைமாரு மீசைய வரைங்க.”

சொல் தைத்தது. கிடங்கு வாசலில் சாக்கில்லாமல் தாம்பாளமும் முறமும் ஏந்தி நின்ற பெண்களை மாசிலாமணி வரைந்தார். ஆணைக்குப் பணிந்து எல்லோர் கன்னத்திலும் சதை வைத்தார். ‘அரிசி வரிசை’ என்று தலைப்பிட்டார்.

தணிக்கை அதிகாரி வால்டன் துரை அகராதியிலும் ஒரு மிராசுதார் வீட்டுக் கல்யாணத்திலும் தமிழ் கற்றவர்.

“தட்டு ஏந்திய மாதர்! இது வரிசைதானே?” என்றார் படத்தைப் பார்த்து.

“வரிசைதான் துரை. தினமும் வராங்க.”

“தினமுமா!” துரையின் கண் கலங்கியது. “போர்க்காலத்தில் அரசுக்குச் சீர் கொண்டுவரும் குடிகள்!”

மறுநாளே ஆணை பிறந்தது: மக்கள் அன்போடு கொண்டுவரும் அரிசி வரிசையை வெள்ளிக்கிழமை ஆளுநர் நேரில் ஏற்பார், தட்டு ஏந்தாத வீடு நன்றி கெட்ட வீடு, கூரை பிரிக்கப்படும்.

“உங்க படம் நல்லா சோறு போட்டுச்சு போங்க” என்றாள் செங்கமலம்.

மாசிலாமணி துரையிடம் ஓடினார். “ஒரு சம்பிரதாயம் சொல்லணும் துரை. வரிசைத் தட்டு துணி மூடித்தான் வரும். பிரிச்சுப் பாக்கப்படாது. திருப்பித் தர்றப்போ வெறுந்தட்டா தந்தா சம்பந்தமே முறிஞ்சுபோகும்.”

“போர்க்காலத்தில் சம்பந்தம் முறிவதா? கூடவே கூடாது!”

வெள்ளிக்கிழமை ஊரே துணி மூடிய வெறுந்தட்டுகளோடு வந்தது. ஆளுநர் ஒவ்வொரு துணியையும் தொட்டு ஆசீர்வதித்தார். பிறகு கிடங்கு திறந்தது, தட்டுகள் நிரம்பின. அழுதுகொண்டே கும்பிட்டார்கள். அந்த நன்றியில் பொய் இல்லை. பிள்ளைகள் சோறு தின்பதைப் பார்த்தபோது மாசிலாமணியின் கையும் தானாகக் குவிந்தது.

ஆளுநருக்குக் கும்பிடு பிடித்துப்போயிற்று. மாதந்தோறும் அரிசி, தம் முகமும் அதைக் கும்பிடும் சனமுமாக மாசிலாமணி வரைந்த படம் அச்சிட்ட பையில் வழங்க உத்தரவிட்டார். முகத்துக்கு இடம் வேண்டுமென்று பை பெரிதாயிற்று, அரிசி பெரிதாகவில்லை. “நெல்லு நம்முளுதுதானே?” என்று கேட்ட ஒருவனை, நன்றி கெட்டவன் என்று வரிசையில் நின்றவர்களே கடைசிக்குத் தள்ளினார்கள்.

போர் முடிந்தது. அக்கரைக்காரர்கள் கப்பலேறிப் போனார்கள். ஊரை ஊராரே ஆளும் நாள் வந்தது. முதல் வாரமே புதிய மந்திரியின் ஆள் மாசிலாமணியின் வீட்டுக்கு மாலையோடு வந்தான்.

“உங்கள மறக்கலண்ணே. பழைய பைப் படமே இருக்கட்டும். கும்புடுற சனமெல்லாம் அம்சமா இருக்கு. தலைய மட்டும் மாத்திக் குடுங்க.”